"ஸமுத்ரவஸனே தேவி": பாடம், பொருள், தரையைத் தொடும் முறை

#1 மண்ணடி

காலையில் படுக்கையிலிருந்து காலைக் கீழே வைக்குமுன் தரையைத் தொட்டுச் சொல்லும் ஸ்லோகம் பற்றிய இழை இது. பூஜைப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பரவலாக இருக்கும் பாடம்:

ஸமுத்ரவஸனே தேவி பர்வதஸ்தனமண்டலே |
விஷ்ணுபத்னி நமஸ்துப்யம் பாதஸ்பர்சம் க்ஷமஸ்வ மே ||

சில அச்சில் "வாஸனே", சிலவற்றில் "வாஸினி", வேறு சிலவற்றில் "மேகலே". இரண்டாம் பாதத்தில் (பாதம் என்பது ஸ்லோகத்தின் கால்பங்கு) "மண்டலே", "மண்டிதே" என்று இரண்டும் உண்டு. "பர்வதஸ்தான" என்றும் அச்சாகிறது. கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, எது சரியான பாடம்? இரண்டு, பூமித்தாய், பூமாதா என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இந்த நாலு பாதத்தில் "தாய்" என்ற சொல்லே இல்லை, விஷ்ணுவின் மனைவி என்றுதான் இருக்கிறது. தாய் எங்கிருந்து வந்தாள்? மூன்று, அடுக்குமாடியில் ஆறாவது மாடித் தரையைத் தொட்டால் அது பூமியைத் தொட்டதாகுமா? முறை தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் நல்லது.

#2 சந்தம்

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

"வஸனம்" என்றால் ஆடை. "ஸமுத்ரவஸனா" என்றால் கடலை ஆடையாக உடையவள். அதன் விளி "ஸமுத்ரவஸனே". இதை ஏழாம் வேற்றுமை என்று நினைத்து "சமுத்திரத்தில் வசிப்பவளே" என்று உரை எழுதிய புத்தகங்கள் உண்டு. அந்தத் தவறான உரையைப் பார்த்துத் திருத்தப் போனவர்கள்தான் "வாஸினி" என்று மூலத்தையே மாற்றியிருக்க வேண்டும். "மேகலே" கடலை ஒட்டியாணமாக அணிந்தவள். பொருள் பொருந்துகிறது, அதைப் பிழை என்று தள்ள முடியாது. "மண்டலே", "மண்டிதே" இரண்டும் நிற்கும். "ஸ்தன" மட்டும் "ஸ்தான" ஆகக் கூடாது. மலைகளை மார்பாகக் கொண்டவள் என்பது போய் "மலை இருக்கும் இடம்" என்று சப்பென்று ஆகிவிடும்.

இந்தப் பிழைகளைக் காது ஏன் கண்டுபிடிப்பதில்லை என்பதற்குச் சந்தத்தில் காரணம் இருக்கிறது. இது அனுஷ்டுப், பாதத்துக்கு எட்டெழுத்து. எல்லாப் பாதத்திலும் ஐந்தாவது குறில், ஆறாவது குருவாக (நெடில், அல்லது பின்னால் மெய்க்கூட்டு வரும் குறில்) இருக்க வேண்டும். ஏழாவது எழுத்து ஒற்றைப் பாதத்தில் குரு, இரட்டைப் பாதத்தில் லகு (குறில்). நாலாவது எழுத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. எண்ணிப் பாருங்கள்: ஸ-மு-த்ர-வ, பர்-வ-த-ஸ்த, விஷ்-ணு-பத்-னி. வஸனே வாஸனே ஆவதும், ஸ்தன ஸ்தான ஆவதும், பத்னி பத்னீ ஆவதும் மூன்றும் அந்த நாலாவது எழுத்திலேயே நடக்கின்றன. ஓசை உடையாததால் தப்பு அப்படியே தலைமுறை தாண்டுகிறது.

"பத்னி", "தேவி" இரண்டும் விளி, ஆகவே குறில் இகரத்தில் முடியும். "பத்னீ" என்று இழுத்தால் எழுவாய் ஆகிவிடும்.

#3 ஏட்டுச்சுவடு

சந்தம் சொன்ன "கடலை ஆடையாக உடுத்தவள்" தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் புதிதாக இருக்காது. "நீராருங் கடலுடுத்த நிலமடந்தை" அதே உருவகம்தான். 1891-இல் வந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பகுதி. 1970-இல் தமிழ்நாடு அரசு அதிலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் பிள்ளைகள் பாடுவதற்கும் இந்த ஸ்லோகத்துக்கும் முதல் படிமம் ஒன்றே.

இன்னும் பின்னால் போனால் நற்றிணையின் கடவுள் வாழ்த்து. "மாநிலஞ் சேவடி யாகத் தூநீர் வளைநரல் பௌவம் உடுக்கை யாக". இங்கே கடலாடை திருமாலுக்கு. நிலம் அவன் பாதம். புருஷ ஸூக்தம் என்ற வேதத் துதியின் "பத்ப்யாம் பூமி:" என்பதும் அதே பக்கம் நிற்கிறது, பூமி புருஷனின் பாதங்களிலிருந்து தோன்றியது. ஒரு மரபில் பூமியே இறைவனின் கால். இன்னொன்றில் அவள் மேல் நம் கால் படுவதற்கு மன்னிப்பு.

#4 அனுஷ்டானம்

முறை. இது வேத மந்திரம் இல்லை, ஸ்லோகம். ஸ்வரம் கிடையாது, உபதேசம் வேண்டாம், குளித்திருக்க வேண்டாம். ஆண், பெண், குழந்தை, தீட்டுக்காரர், நோயாளி யாரும் சொல்லலாம். எழுந்தவுடன் சொல்வதற்கென்றே உள்ளதைக் குளித்துவிட்டுப் பூஜை அறையில் நின்று சொல்வதில் பொருளில்லை. அதற்குள் நூறு தடவை மிதித்தாயிற்று.

வரிசை: வலப்பக்கம் ஒருக்களித்து எழுந்து, கால் கட்டில் மேலேயே இருக்க உட்காருங்கள். உள்ளங்கைகளைப் பார்த்து "கராக்ரே வஸதே லக்ஷ்மீ:". மூன்றாம் பாதம் "கரமூலே து கோவிந்த:" என்றும் "கரமூலே ஸ்திதா கௌரீ" என்றும் வீட்டுக்கு வீடு மாறும். இரண்டும் வழக்கில் உள்ளவை. பிறகு குனிந்து வலது கையால் தரையைத் தொட்டு "ஸமுத்ரவஸனே" முழுதும் சொல்லி, தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றி, அதன் பிறகு வலது காலை வைக்க வேண்டும். கைதான் முதலில் படவேண்டும், கால் பின்னால். பெரும்பாலோர் செய்யும் தப்பு, இரண்டு காலையும் தொங்கப்போட்டுத் தரையில் ஊன்றிக்கொண்டு, அப்புறம் குனிந்து தொடுவது. வரப்போகும் செயலுக்கு முன்பே கேட்கும் மன்னிப்பு என்பது அதில் போய்விடுகிறது.

எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறதோ அந்தப் பக்கக் காலை முதலில் வைப்பது ஸ்வர சாஸ்திரக்காரர் வழக்கம். அதைப் பின்பற்றாதவர்களுக்கு வலது கால்.

உயரமான கட்டிலில் கை எட்டாது. வயதானவர்கள் எழுந்த வேகத்தில் குனிந்தால் தலைசுற்றி விழுவார்கள். படுத்த நிலையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஒரு நிமிஷமாவது உட்கார்ந்த பிறகுதான் குனிய வேண்டும். முடியாதவர்கள் கட்டில் காலையோ பக்கத்துச் சுவரையோ தொட்டுச் சொன்னால் போதும்.

ஆறாவது மாடிக்கு: செங்கல், மணல், சிமெண்டு, ஓடு, பளிங்கு எல்லாம் மண்ணும் கல்லும்தான், எல்லாம் ப்ருதிவீ தத்துவம். அந்தக் கனத்தைத் தாங்குவதும் அவளே. தரைதளத்துக்கும் ஆறாவது மாடிக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

#5 கொழுமுனை

தாய் எங்கிருந்து வந்தாள் என்பதற்கு.

அதர்வ வேதம் 12-ஆம் காண்டம் முதல் ஸூக்தம், 63 மந்திரங்கள், முழுக்கப் பூமிக்கு. அதில் 12-ஆவது மந்திரத்தில் இருக்கிறது எல்லோரும் மேற்கோள் காட்டுவது: "மாதா பூமி: புத்ரோ அஹம் ப்ருதிவ்யா:". பூமி தாய், நான் பூமியின் மகன். பலரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். தொடர்ச்சி "பர்ஜன்ய: பிதா". தகப்பன் மழை. ரிக் 1.164.33-இல் அம்மா இதே பூமி, அப்பா த்யௌ, அதாவது வானம். மழை வானத்திலிருந்து இறங்குவது, மண் வாங்கி முளைக்க வைப்பது. உழவுக்காரன் கண்ணில் பட்ட குடும்பம் இது.

ரிக் 5.84 மூன்றே மந்திரங்கள், அதுவும் பூமிக்கு மட்டும். மலைகளின் பாரத்தைத் தாங்குகிறாய் என்று தொடங்கும். தாய் என்ற சொல் நெஞ்சைத் தைப்பது 10.18-இல், இறந்தவனை மண்ணில் வைக்கும் ஸூக்தத்தில். "உப ஸர்ப மாதரம் பூமிமேதாம்", இந்தத் தாயான பூமியிடம் நகர்ந்து போ என்று அவனிடம் சொல்லிவிட்டு, அடுத்த மந்திரத்தில் பூமியிடம் திரும்பிச் சொல்கிறது: "மாதா புத்ரம் யதா ஸிசா". அம்மா முந்தானையால் பிள்ளையை மூடுவது போல இவனை மூடு.

விஷ்ணுபத்னி என்பது பிற்பாடு வராஹர் கதையோடு சேர்ந்து ஓங்கியது. வைஷ்ணவத்தில் அவள் தாயாவது வேறு வழியில். வராஹர் சொன்ன சரம ஸ்லோகம் (கரையேறும் வழி சொல்லும் முடிவான ஸ்லோகம்) பூமிப்பிராட்டி கேட்ட கேள்விக்குப் பதில். பிள்ளைகள் கரையேற எளிய வழி என்ன என்று அவர்களுக்காக அவள் கேட்டது. ஆண்டாள் பூமிப்பிராட்டி அம்சம் என்பதும் அதன் தொடர்ச்சி. வேதாந்த தேசிகர் 33 ஸ்லோகத்தில் பூஸ்துதி பாடினார்.

#6 நாட்டுப்புறன்

"தாய்" என்று ஒரே அடியாக முடிவு கட்டாதீர்கள். குறள் 1039: "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்". நிலத்துக்காரன் தினமும் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் பெண்டாட்டி மாதிரி ஊடும். அடுத்த குறளிலே "நிலமென்னும் நல்லாள் நகும்". உழவதிகாரத்தில் அம்மாவே இல்லை, மனைவிதான். பொறையுடைமையில் 151-இல் மட்டும் தோண்டுபவனையும் தாங்கும் நிலம். அங்கேயும் தாய் என்று சொல்லவில்லை.

அம்மா என்றால் போகாமல் இருந்தாலும் சோறு போடுவாள் என்று நினைத்துக்கொள்வோம். மனைவி என்றால் போய்த்தான் ஆகவேண்டும். வள்ளுவருக்குக் களை எடுக்கிறவனின் கஷ்டம் தெரியும்.

#7 சந்தம்

அழகான மறுப்பு. ஆனால் 151-ஐ அவ்வளவு சீக்கிரம் விடாதீர்கள். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்று தொடங்கி "பொறுத்தல் தலை" என்று முடிகிறது. தமிழில் பொறுத்தல் என்றால் சுமத்தலும் மன்னித்தலும். ஸம்ஸ்க்ருதத்தில் "க்ஷமா" என்ற ஒரே சொல்லுக்குப் பொறுமை, பூமி என்று இரண்டு பொருள். ஆக "க்ஷமஸ்வ" (பொறுத்துக்கொள்) என்று அவளிடம் கேட்பது அவள் பேரைச் சொல்லிக் கேட்பது மாதிரி. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. "ஸர்வம்ஸஹா", எல்லாவற்றையும் தாங்குபவள், என்றும் அமரகோசத்தில் பூமிக்கு ஒரு பேர் உண்டு.

#8 திருநீறு

சைவர்கள் "விஷ்ணுபத்னி" சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள், அதற்கு முன்பே: சொல்லலாம், பலர் சொல்கிறார்கள். சொல்ல வேண்டாமென்றால் பூஜைக்கு உட்காரும்போது சொல்லும் ஆசன மந்திரம் இருக்கிறது, அது எல்லோருக்கும் பொது.

ப்ருத்வி த்வயா த்ருதா லோகா தேவி த்வம் விஷ்ணுனா த்ருதா |
த்வம் ச தாரய மாம் தேவி பவித்ரம் குரு சாஸனம் ||

உலகை நீ தாங்குகிறாய், உன்னை விஷ்ணு தாங்குகிறார், என்னையும் தாங்கு, இந்த ஆசனத்தைச் சுத்தமாக்கு. (இதிலும் விஷ்ணு வந்துவிட்டார், ஒன்றும் செய்வதற்கில்லை.) இதன் ரிஷி மேருப்ருஷ்டர், சந்தஸ் ஸுதலம், தேவதை கூர்மம். ப்ருத்வீ மந்திரம் என்று பேர், ஆனால் தேவதை ஆமை! சந்தஸ் பெயரான ஸுதலமோ கீழுலகம் ஏழில் ஒன்று. செய்யுள் என்னவோ சாதாரண அனுஷ்டுப்தான். உட்காரும் இடத்துக்கு அடியில் என்னென்ன தாங்குகிறதோ அதையெல்லாம் விநியோகத்திலேயே (ரிஷி, சந்தஸ், தேவதை சொல்லும் முன்னுரையிலேயே) அடுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை: உட்காரும் இடத்தில் நீர் தெளித்து, கையைத் தரையில் வைத்து மேற்படி மந்திரம், பிறகு ஆதாரசக்தி, கூர்மம், அனந்தன், ப்ருதிவீ என்று கீழிருந்து மேலாக நமஸ்காரம், அதன் மேல் ஆசனம். ஆசனத்தைப் போட்டு உட்கார்ந்து வசதியாகிவிட்டு மந்திரம் சொல்வது #4-இல் சொன்ன அதே தப்பின் வேறு உருவம்.

மானஸ பூஜையில் "லம் ப்ருதிவ்யாத்மனே கந்தம் ஸமர்ப்பயாமி" என்பதும் அவளைக் குறித்தே. பூமியின் தனிக்குணம் மணம்; ஆகவே லம் என்ற பீஜத்துக்கு (ஓரசை மந்திரத்துக்கு) சந்தனம். இங்கே புஷ்பம் சொல்பவர்கள் இடம் மாறிச் சொல்கிறார்கள். புஷ்பம் ஆகாசத்துக்கு, ஹம். முதல் மழையில் மண் மணக்கும்போது தர்க்க சாஸ்திரம் படித்தவர் "கந்தவதீ ப்ருதிவீ" என்று முணுமுணுப்பது இதனால்தான்.

பஞ்சபூதத் தலங்களில் மண் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், திருவாரூரையும் சொல்வார்கள். காஞ்சியில் மண் லிங்கம் என்பதால் அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான், லிங்கத்துக்குப் புனுகு.

#9 அஸ்திவாரம்

ஸ்லோகத்தைத் தாண்டி, நிஜமாகவே பூமியைத் தோண்டுகிற இடத்துக்கு வருவோம். பூமி பூஜையில் குழப்பம் அதிகம்.

முதல் குழப்பம் ஆள் மாறாட்டம். பூமாதேவி வேறு, வாஸ்து புருஷன் வேறு. வாஸ்து புருஷன் தேவர்கள் அழுத்திப் பிடித்துக் கவிழ்த்துப் போட்டிருக்கும் பூதம், ஆண். அவனுக்குக் கொடுப்பது பலி, திருப்திப்படுத்துதல். அவளிடம் கேட்பது அனுமதியும் மன்னிப்பும். பஞ்சாங்கத்தில் வாஸ்து நாள் என்று இருப்பது அவன் விழிக்கும் நாள், வருஷத்தில் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் இல்லை. விழித்திருப்பது மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிஷம். அதை 18 நிமிஷமாக ஐந்து பங்கு: பல் துலக்கல், ஸ்நானம், பூஜை, போஜனம், தாம்பூலம். கடைசி இரண்டு, 36 நிமிஷம், மனை கோலுவதற்கு (வீட்டு வேலை தொடங்குவதற்கு). ஏற்பாடு முழுதும் முன்னாடியே தயாராக இல்லாவிட்டால் சங்கல்பம் முடிவதற்குள் தாம்பூலமும் முடிந்துவிடும்.

தோண்டுமுன் சொல்ல வேண்டியது பூமி ஸூக்தத்தின் 35-ஆவது மந்திரம்:

யத் தே பூமே விகநாமி க்ஷிப்ரம் ததபி ரோஹது |
மா தே மர்ம விம்ருக்வரி மா தே ஹ்ருதயமர்பிபம் ||

உன்னில் எதைத் தோண்டுகிறேனோ அது சீக்கிரம் திரும்ப வளரட்டும். உன் மர்மத்தையும் இதயத்தையும் நான் தாக்காமல் இருக்கட்டும். அதோடு "அபஸர்பந்து யே பூதா:" சொல்லி அங்கிருக்கும் உயிர்களை விலகச் சொல்வது. சொல்லிவிட்டு உடனே பொக்லைன் எந்திரத்தை விடுவது சரியில்லை. ஓணான், தவளை, பாம்பு ஓடுவதற்கு நேரம் கொடுத்து, முதலில் கையால் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் மண்வெட்டி போட வேண்டும்.

ஒரு முழம் நீளம், அகலம், ஆழம் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டுப் பார்க்கும் சோதனை வராஹமிஹிரரின் பிருஹத்ஸம்ஹிதையிலேயே இருக்கிறது. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் அதமம். இறுகிய மண் தோண்டினால் பொதபொதவென்று பெருகும், ஆகவே மிஞ்சும். முன்பே பொக்கையாக இருக்கும் குப்பை மண் குறையும். அறிவுள்ள சோதனை. ஆனால் காலால் மிதித்து அழுத்தி நிரப்பினால் எந்த மண்ணும் குறையும், அதனால் ஒரே மாதிரி போட வேண்டும். கரிசலில் இந்தச் சோதனையை நம்பவே கூடாது. இறுகி இருந்தாலும் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் வெடிக்கும். அங்கே மண் பரிசோதனை அறிக்கைதான்.

இனி குழிக்குள் போடுவதில் நடக்கும் தப்பு. தேங்காய், வாழைப்பழம், பூ, துணி எல்லாவற்றையும் குழியில் விட்டு அதன் மேலேயே கான்கிரீட் போடுகிறார்கள். அது மக்கி, அடியில் வெற்றிடம் விழும். மரக்குச்சியும் துணியும் கறையானைக் கூப்பிடும். பூஜை முடிந்ததும் மக்கக்கூடியதை எடுத்துச் செடி வேரில் போடுங்கள். பால் ஒரு ஆழாக்கு போதும், குடமாக ஊற்றினால் எறும்பு வரும். நவதானியம் ஒரு கைப்பிடி. செம்புத் தகடோ செம்புச் சொம்போ வைப்பதாக இருந்தால் கம்பியில் படவே கூடாது. ஈரத்தில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் துரு இரும்பைத்தான் தின்னும். அடிக்கான்கிரீட்டுக்குக் கீழே மண்ணோடு புதைத்துவிடுங்கள். ப்ளாஸ்டிக் பொட்டலத்தைப் பிரிக்காமல் நவதானியத்தை அப்படியே உள்ளே போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

#10 முளைப்பாலிகை

அஸ்திவாரம் சொன்ன "திரும்ப வளரட்டும்" என்பதைக் கோயிலில் செய்தே காட்டுவார்கள். திருவிழா, கும்பாபிஷேகம் எதற்கும் முதலில் மிருத்ஸங்கிரஹணம், மண்ணெடுத்தல். மேள தாளத்தோடு போய்ப் பூமாதேவியை ஆவாஹனம் செய்து மந்திரத்தோடு மண்ணை எடுப்பார்கள். பெருமாள் கோயில்களில் அவருடைய சேனைத் தலைவரான விஷ்வக்ஸேனர் எழுந்தருளுவார். அந்த மண்ணில்தான் அங்குரார்ப்பணம், விதை முளைக்க வைக்கும் சடங்கு. எடுத்த மண்ணில் உயிர் முளைக்கும்வரை எடுத்தவன் கடன் தீரவில்லை. அங்குரார்ப்பணம் இரவில், பயிர்களுக்கு அதிபதி ஸோமன், சந்திரன்.

பாலிகையில் (முளை வளர்க்கும் கிண்ணத்தில்) மண், மணல், பொடித்த பசுஞ்சாணம் மூன்றும். விதையைப் பாலில் கழுவி விதைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளுப்பும் மஞ்சளுமாக நேரே எழும் முளை சுபம். கறுத்தது, கோணியது அசுபம் என்று ஆகமம். கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் தேங்கி அழுகுவதுதான், அடியில் துளை வேண்டும். கோணுவது வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருவதால்.

முளைக்காமலே போவதற்கு முக்கியக் காரணம் கடைப் பொட்டலம். நெல்லுக்குப் பதில் அரிசி, முழுத் துவரைக்குப் பதில் துவரம்பருப்பு, முழு உளுந்துக்குப் பதில் உடைத்தது. எத்தனை மந்திரம் சொன்னாலும் அரிசி முளைக்காது. எள்ளை ஆழமாகப் புதைக்காதீர்கள், மேலாகத் தூவி மண்ணைச் சிட்டிகை அளவு தூவினால் போதும். பயறு முந்திக்கொள்ளும், நெல் பின்தங்கும். நெல்லை முதல் நாளே ஊறவைத்தால் ஒன்றாக எழும்பும்.

பூஸூக்தம் பற்றி ஒரு வார்த்தை. பெருமாள் திருமஞ்சனத்தில் ஸ்ரீஸூக்தத்தோடு சொல்லும் "பூமிர்பூம்நா" தைத்திரீய ஸம்ஹிதை 1.5.3. அதர்வ வேதப் பூமி ஸூக்தம் வேறு. பேர் ஒற்றுமையால் ஒன்றை அச்சடித்து மற்றதன் உரையைப் போட்டுவிடுகிறார்கள். தைத்திரீயத்தில் இது அக்னியை ஸ்தாபிக்கும் இடத்து மந்திரம். "உபஸ்தே தே தேவ்யதிதே", தேவி, உன் மடியில் அக்னியை வைக்கிறேன் என்று வரும். மடி என்றாலே அம்மா வந்துவிட்டாள்.

#11 கொழுமுனை

மண்ணைத் தொடாமல் விடுவதும் வழிபாடுதான். ஒடிசாவில் ரஜ பர்வம்: ஜூன் நடுவில் மிதுன ஸங்கராந்தியை ஒட்டி மூன்று நாள் பூமி தூரமாக (மாதவிலக்கில்) இருக்கிறாள் என்று உழவு, தோண்டல், விதைப்பு எதுவும் இல்லை. பெண்களுக்கு வேலை ஓய்வு, ஊஞ்சல். நாலாம் நாள் வஸுமதி ஸ்நானம். அம்மிக்கல்லைப் பூமியாக வைத்து மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவார்கள். அஸ்ஸாம் காமாக்யாவில் அம்புவாசி, கோயிலே மூன்று நாள் நடைசாத்தல். துளுநாட்டில் கெட்டஸ, கேரளத்தில் உச்சாரல், இரண்டும் அதே கருத்து. கர்நாடகத்து மலைநாட்டில் வேறு பருவம்: பூமி ஹுண்ணிமெ, ஆச்வயுஜ பௌர்ணமியில் சூல்கொண்ட நிலத்துக்குச் சீமந்தம். பெண்கள் ராத்திரி முழுக்கச் சமைத்ததை விடியுமுன் வயலில் தெளிப்பார்கள்.

#12 நாட்டுப்புறன்

இதைக் காட்டித்தான் சிலர் தீட்டுக்காரப் பெண்கள் தரையைத் தொட்டுச் சொல்லக் கூடாது என்கிறார்கள். தலைகீழ் வாதம். அந்த மூன்று நாள் ஒதுங்குவது உழுகிறவன், பூமி அல்ல. ஓய்வு அவளுக்கு, கலப்பைக்குத் தடை. #4 சொன்னபடி யாரும் சொல்லலாம்.

#13 தட்டடவு

பரதநாட்டியத்தில் தட்டிக்கும்பிடுதல் இதே மன்னிப்புத்தான். இனி ஒரு மணி நேரம் மிதிக்கப்போகிறேன் என்று தொடங்குமுன்பும், மிதித்துவிட்டேன் என்று முடிந்தபின்பும். முழுமண்டியில் (முழங்காலை முழுதும் மடக்கி) அமர்ந்து இரண்டு கையாலும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, பிறகு தலைக்கு மேல் தெய்வத்துக்கு, நெற்றியில் குருவுக்கு, மார்பில் சபைக்கு. பாணிக்குப் பாணி கைகள் மாறும். முடிக்கும் வணக்கத்தைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் வலியில் குனிந்து விரல் நுனியால் தொட்டுப் போவதும் உண்டு. முடியாதவர்கள் அரைமண்டியில் (முழங்காலைப் பாதி மடக்கி) நின்று முழு உள்ளங்கையை வைக்கலாமே தவிர, தொடாமல் காற்றில் கும்பிடக் கூடாது.

#14 அனுஷ்டானம்

எல்லோரும் காலைப் பற்றியே பேசுவதால் ஒன்று சேர்க்கிறேன். ம்ருத்திகா ஸ்நானத்தில் (மண் பூசிக் குளிப்பதில்) அதே மண்ணைத் தலையில் வைக்கிறோம். "அச்வக்ராந்தே ரதக்ராந்தே விஷ்ணுக்ராந்தே வஸுந்தரா | சிரஸா தாரயிஷ்யாமி ரக்ஷஸ்வ மாம் பதே பதே". குதிரை மிதித்தவளே, தேர் மிதித்தவளே, விஷ்ணு அளந்து மிதித்தவளே. தலையில் தாங்குகிறேன், அடிக்கு அடி காப்பாற்று. மஹாநாராயண உபநிஷத்தில் வருவது. மிதித்தவர் பட்டியலைச் சொல்லி அழைத்துவிட்டுத் தலையில் வைப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆற்றுச் சேற்றை உடம்பெல்லாம் பூசுவது இன்றைய சாக்கடை கலந்த ஆறுகளில் வேண்டாம். சுத்தமான துளசி அடி மண், கடுகளவு நெற்றியில் தொட்டால் போதும். கண்ணில் ஒற்ற வேண்டாம்.

#15 மண்ணடி

மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. "வஸனே", "ஸ்தன", குறில் "பத்னி" என்று திருத்திக்கொள்கிறேன்; "மண்டலே" இருக்கட்டும். குழந்தைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு வடிவம் முயன்றேன்:

கடலை உடுத்த தேவி, மலையை மார்பில் கொண்டாய்,
திருமால் துணைவி, வணக்கம். கால் வைக்கிறேன், மன்னித்துவிடு.

திருத்துங்கள்.

#16 சந்தம்

"மலையை மார்பில்" என்றால் மார்பின் மேல் மலை இருப்பதாகிவிடும். மலையே மார்பு. "மலையே மார்பாய்க் கொண்டாய்" என்று வையுங்கள்.

#17 நாட்டுப்புறன்

"மன்னித்துவிடு" வேண்டாம், #7-இல் சொன்ன சொல்லே இருக்கிறதே. "கால் வைக்கிறேன், பொறுத்துக்கொள்." பாரத்தையும் சேர்த்துத்தானே கேட்கிறோம்.

#18 அனுஷ்டானம்

"வைக்கிறேன்" வேண்டாம், "வைப்பேன்" என்று இருக்கட்டும். "வைக்கிறேன்" என்று சொல்லும்போதே பிள்ளை குதித்து இறங்கிவிடும்.

#19 மண்ணடி

கடலை உடுத்த தேவி, மலையே மார்பாய்க் கொண்டாய்,
திருமால் துணைவி, வணக்கம். கால் வைப்பேன், பொறுத்துக்கொள்.

இதையே வைத்துக்கொள்கிறேன். முதல் பதிவில் இருந்த பாடங்களுக்குப் பக்கத்தில் எது பிழை, எது மாற்றுப் பாடம் என்று குறித்துவிடுகிறேன்.